விமானத்தில் எப்போது ஏறுவது: காசு கட்டி முதலிலா, அழைக்கும்போதா, கடைசியிலா?

பள்ளி விடுமுறை நெருங்கினால் வாசகர்களிடமிருந்து ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. "சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு டிக்கெட் போடும்போது முதலில் ஏறத் தனிக் கட்டணம் காட்டுகிறது, கட்டலாமா?" "அம்மாவுக்கு வீல்சேர் போட்டால் நாங்களும் அவருடனேயே ஏறிவிடலாமா?" "எல்லாரும் எழுந்து வரிசையில் நிற்கும்போது நான் மட்டும் உட்கார்ந்திருந்தால் ஏதாவது நட்டம் உண்டா?"

இருக்கை எண் போர்டிங் பாஸிலேயே இருக்கிறது. அதை யாரும் பிடித்துக்கொள்ளப் போவதில்லை. விமானமும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான் கிளம்பும். அப்படியிருந்தும் அழைப்பு வருவதற்கு முன்பே பாதிப் பேர் எழுந்து நிற்கிறார்கள். ஊர்ப் பேருந்தில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்த பழக்கம் இன்னும் போகவில்லை போலும். ஆனால் அதை வெறும் அவசரம் என்று தள்ளிவிடவும் முடியாது. விமானத்தில் எண் போடாத, முதலில் வந்தவருக்குக் கிடைக்கிற இடம் ஒன்று இருக்கிறது: தலைக்கு மேலே பை வைக்கும் பெட்டி. உண்மையான போட்டி அதற்குத்தான். அதனால் எப்போது ஏறுவது என்ற கேள்விக்கு உங்கள் இருக்கையைவிட உங்கள் பைதான் நல்ல பதில் சொல்லும்.

## முடிவு செய்யும் முன் பார்க்க வேண்டியவை

பை எங்கே போகும்? முன் இருக்கைக்கு அடியில் நுழைகிற மெத்தென்ற பையா, மேல்பெட்டியில்தான் வைத்தாக வேண்டிய சக்கரப் பெட்டியா? பெரும்பாலான நிறுவனங்கள் சாதாரண வகுப்பில் கைப்பைக்கு 7 கிலோ தருகின்றன. மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட் 10 கிலோ தருகிறது. சிங்கப்பூரின் முஸ்தஃபா கடையில் கடைசி இரவு வாங்கியதெல்லாம் சேர்ந்து அந்தப் பை எப்படி வீங்கும் என்று உங்களுக்கே தெரியும். இன்னொன்றும் உண்டு. தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையிலும் அவசர வழி வரிசையிலும் காலுக்கு அடியில் எதையும் வைக்க விடமாட்டார்கள். அங்கே உட்காருகிறவருக்குச் சின்னத் தோள்பைகூட மேலேதான் போக வேண்டும்.

எவ்வளவு நேரம் எங்கே இருக்கப் போகிறீர்கள்? சிங்கப்பூரிலிருந்து திருச்சியோ சென்னையோ ஏறக்குறைய 4 மணி நேரம். முதலில் ஏறினால் அதற்கு மேல் அரை மணி நேரம் அதே இருக்கையில். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கும் இது சின்ன விஷயம் இல்லை.

விமானம் எப்படிப்பட்டது? ஏ320, ஏ321 போன்றவற்றில் நடைபாதை ஒன்றுதான், இரண்டு பக்கமும் மூன்று மூன்று இருக்கை. ஸ்கூட்டின் ஏ321 நியோவில் 236 பேர் உட்காரலாம். அத்தனை பேரும் அந்த ஒரே பாதையில்தான் போக வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ350, 787-10 போன்ற அகல விமானங்களில் பாதை இரண்டு, சாதாரண வகுப்பில் மூன்று மூன்றாக ஒன்பது இருக்கை, நடு வரிசைக்கு மேலேயும் பெட்டி உண்டு. நெரிசலின் சுபாவமே அங்கே வேறு.

கூட வருவது யார்? தனியாகப் போகிறவருக்குச் சரியானது குடும்பத்தோடு போகிறவருக்குச் சரியாக இருக்காது.

கேட்டில் என்ன நடக்கிறது? சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இதைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்றாம் முனையங்களில் பாதுகாப்புச் சோதனை கேட்டிலேயே நடக்கிறது. கேட் முன்னால் நீங்கள் பார்க்கும் முதல் வரிசை விமானம் ஏறுவதற்கான வரிசையே இல்லை, சோதனைக்கான வரிசை. அதைத் தாண்டிக் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் ஏறும் அழைப்பு வரும். உள்ளே போய்விட்டால் பெரும்பாலும் கழிப்பறை கிடையாது. போக வேண்டுமானால் வெளியே வந்து, திரும்பவும் சோதனை. நான்காம் முனையத்தில் சோதனையை முன்கூட்டியே ஒரே இடத்தில் முடித்துவிடுவதால் இந்தத் தொல்லை இல்லை. ஆக, சோதனைக்கு முதலில் போவதும் விமானத்தில் முதலில் ஏறுவதும் ஒன்றல்ல.

விமானத்திலிருந்து சீக்கிரம் இறங்குவதை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அது நீங்கள் எந்த வரிசையில் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எப்போது ஏறினீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஊரில் குடிநுழைவு வரிசையில் முன்னால் நிற்க ஆசைப்பட்டால் காசை முன் வரிசை இருக்கைக்குக் கொடுங்கள்.

## நிறுவனங்கள் ஏன் இப்படி ஏற்றுகின்றன?

பின் வரிசைக்காரர்களை முதலில் ஏற்றினால் வேகமாக முடியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அது தவறு. அமெரிக்காவின் ஃபெர்மிலேப் ஆய்வகத்தில் இருந்த வானியற்பியலாளர் ஜேசன் ஸ்டெஃபன் 2008இல் இதைக் கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு மாதிரி விமானம் ஒன்றில் 12 வரிசை, 72 பேர், கையில் பைகள் என்று வைத்து நேரில் சோதித்தார்கள். பின்னிருந்து முன்னாக வரிசைப்படி ஏற்றியபோது 6 நிமிடம் 11 விநாடி ஆனது. வரிசைகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து ஏற்றியபோது இன்னும் மோசம், 6 நிமிடம் 54 விநாடி. எந்த ஒழுங்கும் இல்லாமல், வந்தவர் வந்தபடி ஏறி அவரவர் எண்ணில் உட்கார்ந்தபோது 4 நிமிடம் 44 விநாடிதான்!

காரணம் எளிது. ஏறுவதில் நேரத்தைத் தின்பது நடப்பது அல்ல, பையைத் தூக்கி வைப்பது. 25ஆம் வரிசை முதல் 30ஆம் வரிசை வரை உள்ளவர்களை ஒன்றாக விட்டால் அத்தனை பேரும் பாதையின் ஒரே மூலையில் போய் நெருக்குவார்கள். அங்கே ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பேர்தான் கையைத் தூக்கிப் பை வைக்க முடியும். மீதிப் பாதை காலியாகக் கிடக்க, மற்றவர்கள் முனையத்தையும் விமானத்தையும் இணைக்கும் ஏரோபிரிட்ஜில் நிற்பார்கள். கலந்து ஏறும்போது 4ஆம் வரிசையில் ஒருவர், 13இல் ஒருவர், 22இல் ஒருவர் என்று ஒரே நேரத்தில் பலர் பை வைக்கிறார்கள்.

இரண்டாவது முட்டுக்கட்டை, எழுந்து வழிவிடுவது. பாதையோர இருக்கைக்காரர் முதலில் வந்து பெல்ட்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்து நடு இருக்கைக்காரர். மூன்றாவதாக ஜன்னல்காரர் வருகிறார். இரண்டு பேரும் பெல்ட்டைக் கழற்றி, மடியிலிருந்த பையையும் பிள்ளையின் பால் புட்டியையும் எடுத்துக்கொண்டு பாதைக்கு வந்தால்தான் அவர் உள்ளே போக முடியும். அதுவரை பின்னால் வருகிற எல்லாரும் நிற்க வேண்டியதுதான். ஜன்னல், நடு, பாதையோரம் என்ற வரிசையில் ஏற்றினால் இந்த எழுந்து உட்காரும் வேலை இல்லை. அதே சோதனையில் அந்த முறைக்கு 4 நிமிடம் 13 விநாடி ஆனது. ஸ்டெஃபன் தாமே வகுத்த முறை இதிலிருந்து ஒரு படி மேலே போகிறது: ஜன்னல்காரர்களிலும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக, பின்னிருந்து அனுப்புவது. ஒவ்வொருவருக்கும் பை தூக்க இடம் கிடைக்கும். 3 நிமிடம் 36 விநாடியில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

இத்தனை தெரிந்தும் நிறுவனங்கள் ஏன் செய்வதில்லை? ஒவ்வொரு பயணியையும் எண் வாரியாக நிற்க வைப்பது கேட்டில் நடக்கிற காரியமா? கணவரை ஜன்னல், மனைவியை நடு, பிள்ளையைப் பாதையோரம் என்று மூன்று தவணையாக ஏற்றினால் குடும்பங்கள் சும்மா இருக்குமா? அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் 2023 அக்டோபரில் ஜன்னல், நடு, பாதையோரம் என்ற முறைக்குத் திரும்பியபோதும் ஒரே முன்பதிவில் வருகிற குடும்பத்தைச் சேர்ந்தே ஏற விட்டது. அதனால் மிச்சமாகும் நேரம் 2 நிமிடம் வரை என்று சொன்னது. ஆனால் பெரிய காரணம் வேறு. முதலில் ஏறுவது ஒரு விற்பனைப் பொருள். பிசினஸ் வகுப்புக்கும், அடிக்கடி பறக்கும் உறுப்பினருக்கும், தனிக் கட்டணம் கட்டியவருக்கும் அதைக் கொடுத்துக் காசாக்க முடிகிறபோது வேகம் பின்னால் போய்விடுகிறது.

இருக்கை எண்ணே இல்லாத முறைக்குப் பேர்போன அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனமும் 2026 ஜனவரியில் எண் போட ஆரம்பித்துவிட்டது. துண்டு போடும் காலம் அங்கேயும் முடிந்தது.

போயிங் நிறுவனம் 1990களில் செய்த ஆய்வு ஒன்று, 1970ஐ ஒப்பிட்டால் பயணிகள் ஏறும் வேகம் பாதிக்கும் கீழே போய்விட்டது என்றது. சில சமயம் நிமிடத்துக்கு 9 பேர்தான் ஏறினார்கள். அந்த வேகத்தில் 180 பேர் ஏற 20 நிமிடம். முதலில் ஏறுகிறவருக்கும் கடைசியில் ஏறுகிறவருக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஏறக்குறைய இவ்வளவுதான். இந்த 20 நிமிடத்தை எங்கே கழிப்பது என்பதுதான் நம் முன்னால் இருக்கும் தேர்வு.

## ஒன்று: காசு கட்டி முதலில் ஏறுவது

மலிவுக் கட்டண நிறுவனங்கள் பல இதைத் தனியாகவோ, செக்-இன் முன்னுரிமையோடு சேர்த்தோ விற்கின்றன. கிடைப்பது ஒன்றே ஒன்று: உங்கள் வரிசைக்கு நேர் மேலே உள்ள பெட்டியில் இடம். அது உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களும் உண்டு. அவசர வழி வரிசையில் உட்காருகிறவர், வீணையோ கேமராவோ எடுத்துப் போகிறவர், இறங்கியதும் பெல்ட்டில் பைக்காகக் காத்திருக்க முடியாமல் அடுத்த ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர். இவர்களுக்குக் கட்டணம் வீண் போகாது.

மறைந்திருக்கும் செலவுகள் அப்புறம்தான் தெரியும். முதலாவது, ஏற்கனவே சொன்ன கூடுதல் அரை மணி நேரம். கதவு திறந்திருக்கும்வரை உள்ளே குளிரூட்டல் மந்தமாகத்தான் இருக்கும். பாதையோர இருக்கை என்றால் போகிற வருகிற பையெல்லாம் உங்கள் தோளில் இடிக்கும். இரண்டாவது, நீங்கள் வாங்கிய முன்னுரிமை எவ்வளவு முன்னால் என்பது. பிசினஸ் வகுப்பு, உறுப்பினர் அட்டைக்காரர்கள், வீல்சேர், கைக்குழந்தை எல்லாம் போன பிறகுதான் உங்கள் முறை வரலாம். விடுமுறைக் கால திருச்சி விமானத்தில் இவர்களை மட்டும் கூட்டினாலே வரிசை நீண்டுவிடும். மூன்றாவது, கேட்டில் பேருந்து ஏற்றி விமானத்துக்குக் கொண்டுபோனால் முன்னுரிமைக்கு அர்த்தமே போய்விடும். பேருந்தின் கதவருகே நின்றவர்தான் முதலில் ஏறுவார்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். பை கனமாக இருக்கிறது, மேலே இடம் கிடைக்காதோ என்ற பயத்தில்தான் இந்தக் கட்டணம் என்றால், டிக்கெட் போடும்போதே அதே காசுக்கு எத்தனை கிலோ செக்-இன் பை வாங்கலாம் என்று பாருங்கள். முன்கூட்டியே வாங்கும் கிலோவுக்கும் கவுன்டரில் எடை கூடிய பிறகு கட்டும் கிலோவுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும். கேட்டில் கைப்பையை எடைபோடும் நாளில் முன்னுரிமைக் கட்டணம் உங்களைக் காப்பாற்றாது. ஊருக்கு வாங்கிய மைலோவையும் சாக்லேட்டையும் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு போவதில் என்ன லாபம்?

அகல விமானத்தில் போகிறவர்கள் இந்தக் கட்டணத்தை யோசிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

## இரண்டு: உதவி தேவைப்படுவோருக்கான முதல் அழைப்பு

முதியவர், வீல்சேர், கைக்குழந்தை. இவர்களைத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் முதலில் கூப்பிடுகின்றன. இதில் இரக்கம் மட்டுமல்ல, கணக்கும் இருக்கிறது. இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எய்தான் பஹ்மத்தும் நார்வே, லாட்வியா ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், மெதுவாக ஏறுகிறவர்களை முதலில் விடுவதே மொத்த நேரத்தைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். மெதுவானவர்கள் ஒன்றாக ஏறினால் பலர் ஒரே சமயத்தில் உட்காருவதால் அவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும். அவர்களை நடுநடுவே கலந்துவிட்டால் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பாதையை அடைப்பார்கள். ஆகவே பாட்டியை முதலில் கூட்டிப்போவதில் யாருக்கும் கூச்சம் வேண்டாம். மற்றவர்களுக்கும் அது நல்லதுதான்.

பாட்டி, தாத்தாவுக்கு இதுதான் சரியான வழி. பின்னால் ஒரு கூட்டம் பொறுமையிழந்து நிற்காமல், நிதானமாக உட்கார்ந்து, மருந்துப் பையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். வீல்சேரை டிக்கெட் போடும்போதே பதிவு செய்துவிடுங்கள். கேட்டில் போய்க் கேட்டால் ஆள் வர நேரமாகும். இதற்கும் ஒரு விலை உண்டு: இறங்கும்போது வீல்சேர்ப் பயணிகள் பெரும்பாலும் கடைசி. ஊரில் வாசலில் காத்திருக்கும் மாமாவிடம் அதை முன்பே சொல்லி வையுங்கள். நடக்க முடிகிற அம்மாவுக்கு வரிசையைத் தாண்டுவதற்காக மட்டும் வீல்சேர் போடுவது பற்றிக் கேட்கிறார்கள். வேண்டாம். உண்மையில் நடக்க முடியாத ஒருவர் அந்த நாற்காலிக்காகவும் அதைத் தள்ளும் ஆளுக்காகவும் காத்துக்கொண்டிருப்பார்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நிலைமை நேர்மாறு என்று நினைக்கிறேன். அழைத்தவுடன் குடும்பமாக ஏறினால் நடக்கப் பழகிய பிள்ளையை அரை மணி நேரம் கூடுதலாக மடியில் பிடித்து வைக்க வேண்டும். விமானம் மேலே எழும்பும் முன்பே அதன் பொறுமையும் உங்கள் பொறுமையும் தீர்ந்துவிடும். இரண்டு பெரியவர்கள் இருந்தால் பிரிந்துகொள்ளுங்கள். ஒருவர் பைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு முதல் அழைப்பில் ஏறி, மேலே வைத்து, இருக்கையைத் துடைத்து, பால் புட்டி, ஈரத்துணி, பொம்மை எல்லாவற்றையும் முன்னால் உள்ள பையில் போட்டுத் தயாராக இருக்கட்டும். இன்னொருவர் பிள்ளையை அறைக்குள் ஓட விட்டுக் கடைசிப் பத்துப் பேரோடு ஏறலாம். கிளம்பும் முன் இரண்டு பேரின் போர்டிங் பாஸும் பாஸ்போர்ட்டும் அவரவர் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே உறையில் எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கும் அப்பாக்கள் கேட்டில்தான் அதைக் கண்டுபிடிப்பார்கள். மூன்றாம் முனையத்தில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் இருக்கிறது. பிள்ளையின் கால் சலிக்கும் வரை அங்கே நடத்திவிட்டு வந்தால் இன்னும் நல்லது. கைக்குழந்தை என்றால் கதை வேறு, அதற்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதான்; ஒருவர் மட்டும் வருகிறீர்கள் என்றால் தயங்காமல் முதல் அழைப்பில் ஏறுங்கள்.

## மூன்று: உங்கள் வரிசை எண்ணை அழைக்கும்போது

பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காசு இல்லை, ஆபத்து இல்லை. சக்கரப் பெட்டி வைத்திருப்பவருக்கு இது போதும், ஒரு நிபந்தனையோடு: அழைத்த உடனே எழுந்திருக்க வேண்டும். உங்கள் குழுவிலேயே முதல் பத்தில் ஏறுகிறவருக்கும் கடைசிப் பத்தில் ஏறுகிறவருக்கும் மேல்பெட்டி நிலவரம் ஒன்றாக இராது. ஆனால் முந்தைய குழு ஏறிக்கொண்டிருக்கும்போதே போய் நின்று வழியை அடைப்பதில் பயனில்லை; போர்டிங் பாஸை ஸ்கேன் செய்யும்போது திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நிறுவனம் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்று தெரிந்தால் இருக்கை எடுக்கும்போதே யோசிக்கலாம். பின்னிருந்து ஏற்றினால் பின் வரிசைக்காரருக்கு மேல்பெட்டி நிச்சயம். ஜன்னல்காரர்களை முதலில் விட்டால் ஜன்னல் இருக்கை எடுத்தவருக்கு லாபம்.

## நான்கு: கடைசியில் ஏறுவது

சிறிய பையோடு தனியாகப் போகிறவருக்கு நான் சொல்வது இதுதான். ஏரோபிரிட்ஜில் நிற்பது இல்லை, பாதையில் நிற்பது இல்லை, கையில் பையோடு அடுத்தவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பது இல்லை. எல்லாரும் உட்கார்ந்த பிறகு நேரே போய் உட்காரலாம். பக்கத்தில் காலி இருக்கை இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும். ஜன்னல் இருக்கைக்காரர் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெல்ட் போட்டு உட்கார்ந்துவிட்ட இரண்டு பேரை எழுப்ப வேண்டியிருக்கும்.

கடைசியில் ஏறுவது என்றால் கேட்டுக்குக் கடைசியில் வருவது என்று பொருள் இல்லை. பாதுகாப்புச் சோதனையைச் சீக்கிரமே முடித்து, கழிப்பறைக்கும் அதற்கு முன்பே போய்விட்டு, கண்ணாடி அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளுங்கள். வரிசை பத்துப் பேராகச் சுருங்கும்போது எழுந்திருங்கள். கடைகளுக்குள் சுற்றிவிட்டுக் கடைசி அழைப்பு கேட்டதும் ஓடி வருவது வேறு விஷயம். அங்கே கேட் முன்னால் சோதனை வரிசை இன்னும் இருக்கிறது என்பதை மறந்துவிடுவார்கள். கேட் மூடும் நேரம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், போர்டிங் பாஸில் அச்சடித்திருக்கும். விமானம் கிளம்பும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

பெரிய பை வைத்திருப்பவர் கடைசியில் ஏறினால் என்ன ஆகும்? மேல்பெட்டி நிறைந்துவிட்டால் பையைக் கேட்டிலோ விமான வாசலிலோ வாங்கிக் கீழே சரக்குப் பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள். எடை வரம்புக்குள் இருந்து, இடமில்லாமல் அவர்களே கேட்டால் பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள். சிலருக்கு இது வசதிகூட: தூக்கிச் சுமக்காமல் ஊரில் பெல்ட்டில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பையைக் கொடுக்கும் அந்த நிமிடத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். பவர் பேங்க் சரக்குப் பகுதிக்குப் போகக் கூடாது, எடுத்தாக வேண்டும். விமான வாசலில், பின்னால் ஆட்கள் நிற்க, அடியில் புதைந்து கிடக்கும் பவர் பேங்கைத் தேடிப் புடவைகளையும் உள்ளாடைகளையும் வெளியே எடுத்துப் போடும் காட்சி விடுமுறைக் காலத்தில் சாதாரணம். பவர் பேங்க், மாத்திரைகள், நகை, பாஸ்போர்ட், வீட்டுச் சாவி, கண்ணாடி, இவற்றையெல்லாம் சிறிய துணிப்பை ஒன்றில் போட்டுப் பெரிய பையின் மேற்புறத்தில் வையுங்கள். பையைக் கேட்டால் துணிப்பையை மட்டும் உருவிக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடலாம். அப்புறம், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் 2025 ஏப்ரல் முதல் பவர் பேங்கிலிருந்து சார்ஜ் போடுவதற்கே தடை. அதனால் அதைக் கையில் வைத்திருந்தாலும் பறக்கும்போது பயன் இல்லை. தொலைபேசியை ஏறுவதற்கு முன்பே சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | காசு கட்டி முதலில் | உதவிக்கான முதல் அழைப்பு | தன் வரிசை அழைக்கும்போது | கடைசியில் |
|---|---|---|---|---|
| மேல்பெட்டியில் இடம் | அநேகமாக நிச்சயம் | நிச்சயம் | உடனே எழுந்தால் உண்டு | நிறைந்த விமானத்தில் கிடைக்காமல் போகலாம் |
| உள்ளே கூடுதலாக உட்காரும் நேரம் | ஏறக்குறைய அரை மணி | அதைவிடக் கொஞ்சம் கூட | நடுத்தரம் | மிகக் குறைவு |
| பணம் | தனிக் கட்டணம் | இல்லை | இல்லை | இல்லை |
| தெரியாமல் வரும் செலவு | பேருந்தில் ஏற்றினால் வீண் | வீல்சேர் என்றால் இறங்குவது கடைசி | பாதையில் நிற்பது | பை கீழே போகலாம், பெல்ட்டில் காத்திருப்பு |
| யாருக்கு | அவசர வழி வரிசை, உடையும் பொருள் | முதியவர், கைக்குழந்தையோடு தனியாக வருபவர் | சக்கரப் பெட்டிக்காரர் | சிறிய பை, பாதையோர இருக்கை; ஓடும் வயதுப் பிள்ளையோடு இரண்டாம் பெரியவர் |

அட்டவணையில் அடங்காத ஒன்று, விமானம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது. பிப்ரவரி மாத நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை விமானத்துக்கு மேலே சொன்ன எதுவும் பெரிதாகப் பொருந்தாது. எப்போது ஏறினாலும் இடம் இருக்கும். பொங்கல், தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் ஜூன், டிசம்பர் விடுமுறையின் முதல் சனிக்கிழமையிலும்தான் இதையெல்லாம் யோசிக்க வேண்டும். செக்-இன் செய்யும்போது இருக்கை வரைபடத்தைத் திறந்து பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

## திரும்பி வரும்போது கணக்கு மாறும்

சாங்கியில் ஏ320 வகை விமானத்தில் ஏரோபிரிட்ஜ் வழியாக முன்கதவில்தான் பெரும்பாலும் ஏறுகிறோம். ஊரில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. திருச்சியில் 2024இல் திறந்த புதிய முனையத்தில் ஏரோபிரிட்ஜ் வந்துவிட்டது. ஆனாலும் விமானம் எங்கே நிறுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்துப் பேருந்து வரலாம். முன்கதவு, பின்கதவு இரண்டிலும் படி வைக்கலாம். இரண்டு கதவு திறந்தால் 20ஆம் வரிசைக்குப் பின்னால் உள்ளவர்கள் பின்படியில் ஏறுவது நல்லது. முன்படியில் ஏறிப் பாதை முழுக்க எதிர்நீச்சல் போடுவானேன்? தரையில் நிற்கிற ஊழியர் கையைக் காட்டுவார், அவரைப் பாருங்கள்.

பேருந்து வந்தால் கேட்டிலிருந்து கடைசி ஆளாக ஏறிக் கதவை ஒட்டி நில்லுங்கள், விமானத்தருகே கதவு திறக்கும்போது நீங்கள்தான் முதல் ஆள். ஆனால் பேருந்து இரண்டு நடை போகும் என்றால் முதல் நடையில் போய்விடுங்கள். அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு டப்பா எல்லாம் கைப்பையில் இருக்கிறதென்றால் இரண்டாவது நடைக்குள் மேல்பெட்டி நிறைந்திருக்கும். ஊறுகாயைச் செக்-இன் பையில் போட்டுவிடுங்கள் என்று சொல்லத் தேவையில்லை, எண்ணெயைப் பார்த்ததுமே சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள்.